கூட வந்தவர்

விடுதிக்கார அக்கா துண்டுகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போன பிறகுதான் அவள் பார்த்தாள். இரண்டு துண்டு. இரண்டு சோப்பு. ஜன்னலோரம் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தம்ளரும் இரண்டு.

வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "அக்கா, நான் ஒரே ஆள்தான். ஒண்ணு போதும்."

அக்கா மணலில் நின்று திரும்பினார். வெயிலில் காய்ந்த உருண்டை முகம். அந்த முகம் அவளைப் பார்த்தது. பிறகு அவள் தோளுக்குப் பின்னால் திறந்து கிடந்த அறையைப் பார்த்தது. "இருக்கட்டும்மா. வயசானவங்களுக்கு மாத்துத் துண்டு வேண்டியிருக்கும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வயசானவங்களா! உள்ளே போய் சுவர்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். காதோரம் நாலைந்து நரை எட்டிப் பார்ப்பது உண்மைதான். அதற்காகக் கிழவியாகவே ஆக்கிவிடுவதா என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, முதுகுப் பையை மூலையில் சாய்த்தாள். வருடக்கணக்காகப் பரணில் கிடந்த பை. 'ஒரு நாள் போவோம்' என்று ஆசையாய் வாங்கி, அந்த ஒரு நாள் வராமலே தூசி ஏறிப் போயிருந்தது. இப்போது அதில் ஒட்டியிருந்தது கடல் மணல்.

அந்தச் சின்னத் தீவில் வெளியாட்கள் தங்குவதற்கு இருந்தவை கரையோரம் வரிசையாக நின்ற அந்த ஓலைக் குடில்கள்தான். அக்காவின் வீட்டுக்காரர் படகோட்டி. ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் கரையிலிருந்து ஏற்றி வருவது அவர் படகுதான். இங்கே கைபேசிக்கு சிக்னல் எட்டாது. அதற்காகவே தேடித் தேடி இந்த இடத்தைப் பிடித்தாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடமே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று மாலை தென்னை மரங்களுக்கிடையே கட்டிய வலை ஊஞ்சலில் படுத்துக்கிடந்தாள். அலை வந்து மணலை நக்கிவிட்டுப் போகும் ஓசை, காய்ந்த மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் கரகரப்பு, எங்கோ மீன் கருகும் வாசம், உப்பும் ஈரமும் ஏறிய காற்று கன்னத்தில் வந்து படர்ந்து மெல்லக் கண்ணை இழுத்து மூடுகிற சுகம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து அவளைத் தொட்டுவிட்டுப் போனது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இதுல தெளிவா தெரியுதா? இதுல?" என்று கேட்டுத் தொண்டை வறண்டுபோகிறவள் அவள். வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கேள்விகள். "பஸ்ஸுக்கு டயமாச்சே, என் சட்டை எங்கே?" "நீ யாரு? என் பொண்ணு இன்னும் வரலையே?" பணி ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆன பஸ் டிரைவர் அப்பாவுக்கு, கொஞ்ச காலமாக ஞாபகம் ஓட்டைப் பையில் போட்ட சில்லறை மாதிரி வழியெல்லாம் சிந்திக்கொண்டிருந்தது. ஒரு தடவை வாசலைத் திறந்துகொண்டு கிளம்பி, பழைய பஸ் டிப்போவில் போய் நின்றுவிட்டார். அன்றிலிருந்து அவர் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

வெளிநாட்டிலிருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான். "நீ இருக்கற தைரியம்தான்க்கா எனக்கு," என்பான். அவ்வளவுதான். வாரம் முடிந்தது, கடமை முடிந்தது.

இப்போது சமையல்கார அம்மா வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார். அப்படித்தான் ஏற்பாடு. ஊஞ்சலில் படுத்தபடி அவள் அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

சாப்பாட்டுக் கொட்டகையில் மீன் துண்டை இலையில் வைத்துக்கொண்டே படகோட்டி கேட்டார். "ஐயா படுத்துட்டாரா? இந்த வயசுல, அந்த அலையில வாந்தி எடுக்காம வந்ததே பெரிசு."

"எந்த ஐயா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா குழம்பைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

படகில் வேறு யாரோ கிழவர் வந்திருக்க வேண்டும், அவரைத் தன்னோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அவள் முடிவு செய்தாள். படகில் யாரெல்லாம் இருந்தார்கள்? மூட்டைகள், ஒரு கோழிக்கூண்டு, தாடிக்காரன் ஒருவன், துணி விற்கிற இரண்டு பெண்கள். கிழவர் யாரும் நினைவுக்கு வரவில்லை. இருந்திருப்பார். தான்தான் கடலைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டோம். அவ்வளவுதானே?

நன்றாகத் தூங்கினாள். பல மாதங்களாக அப்படித் தூங்கியதில்லை. காலையில் எழுந்ததும் அதை நினைத்துத்தான் மனசு சுருக்கென்றது.

மறுநாள் முழுக்கத் தண்ணீரில்தான் கிடந்தாள். காதுவரை முழுகி மிதந்தால் உலகத்தில் வேறு சத்தமே இல்லை. தன் மூச்சு மட்டும், தூரத்தில் யாரோ உறங்குவது போல. வெயில் இமைமேல் சிவப்பாக நின்றது. கிளிஞ்சல் பொறுக்கினாள். எதற்கென்று தெரியாமல் ஓடினாள். கால் சறுக்கி விழுந்து வாய்விட்டுச் சிரித்தாள். நாய்கள் உள்ளே புகுந்து பையைக் கிளறும் என்று அக்கா சொல்லியிருந்ததால், போகும்போது குடில் கதவை வெளியே தாழிட்டுவிட்டுத்தான் போனாள்.

மத்தியானம் கொட்டகையில் தாடிக்காரன் எதிரே வந்து உட்கார்ந்தான். ஊர் ஊராகத் திரிகிறவன், கலகலப்பான பேர்வழி. முதுகில் உரிந்த தோலை நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசுவான்.

"உங்க அப்பா செம ஆளுங்க," என்றான்.

அவள் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது.

"காலைல நீங்க தண்ணிக்குள்ள இருந்தீங்கள்ல, அப்ப ஜன்னல் வழியா பேசிட்டு இருந்தோம். மலைப்பாதையில பிரேக் பிடிக்காம ஒரு பஸ்ஸை எப்படி நிறுத்தினாருன்னு சொன்னாரு பாருங்க… அடடா. அறுபது உசிரு! சினிமா தோத்துடும்." சிரித்தான். "சிட்டுங்கறது நீங்கதானே? சொல்லுக்குச் சொல்லு சிட்டு, சிட்டுன்னாரு."

சிட்டு. அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய். அதுவும் மறந்துபோய் வெகு நாளாகிறது.

"எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள். தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

"எப்படின்னா?"

"பாக்க."

"ஒல்லியா. நீலக் கட்டம் போட்ட லுங்கி. பனியனுக்கு ஒரு தோள்பட்டை கிழிஞ்சிருந்துச்சு." அவன் விநோதமாகப் பார்த்தான். "ஏங்க, உங்க அப்பாவைப் பத்தி என்கிட்ட கேக்கறீங்க?"

பனியன். கிளம்புகிற காலையில் அந்தப் பனியனை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

"ஆனா ஒண்ணுங்க," என்றான் தாடிக்காரன், எழுந்துகொண்டே. "யாரோ ஒரு அம்மா வர்றதா இருந்துச்சாமே? 'அந்தம்மா இன்னும் வரலையே, சமைக்கவே வரலையே'ன்னு கேட்டுட்டே இருந்தாரு. பசிக்குது போல. என்கிட்ட இருந்த பிஸ்கட்டை ஜன்னல்ல வெச்சுட்டு வந்தேன்."

அவள் ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். அறை காலியாக இருந்தது. விரித்தபடி இருந்த கட்டில், மூலையில் பை, கொடியில் அவள் ஈரத்துணி, ஓலைக்கூரையின் இடுக்குகளில் இறங்கிய வெயில் பொட்டுகள். ஜன்னல் விளிம்பில் பிஸ்கட் பொட்டலம். பிரிக்கப்படவில்லை. எறும்பு கூட அதை அண்டவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தாள். இத்தனை நேரம் எதைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தாளோ அது தானாக வந்து எதிரே நின்றது.

சமையல்கார அம்மா வரவில்லை. கிளம்புகிற அன்று விடியற்காலையில் போன் செய்தார். "பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சும்மா. ஆஸ்பத்திரியில இருக்கேன். எப்படியும் சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். எப்படியும்." அந்த 'எப்படியும்' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டுதான் அவள் பையைத் தோளில் மாட்டினாள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ரொட்டியும் வாழைப்பழமும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தாள். அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், 'விட்டுட்டா போறே?' என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. படகில் ஏறுவதற்கு முன்னால் துறையில் நின்றபோது போன் அடித்தது. அந்த அம்மாவின் நம்பர். திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். எடுக்காவிட்டால் எதுவும் தெரியாது. அது அடித்து அடித்து ஓய்ந்தது. போனை அணைத்துப் பையின் அடியில், துணிகளுக்குக் கீழே திணித்தாள். பிறகு படகோட்டி கை கொடுத்தார். ஏறினாள். அவளுக்குப் பின்னாலும் அவர் கையை நீட்டியபடி நின்றாரோ? 'பாத்து, பாத்து' என்று யாரிடமோ சொன்னாரோ? இப்போது நினைத்துப் பார்த்தால் சொன்ன மாதிரிதான் இருந்தது.

படகு அன்று பின்மதியம் கரைக்குக் கிளம்ப இருந்தது. பையைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனாள். தாடிக்காரன் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். "வாங்க, இடம் இருக்கு," என்று கை காட்டினான். ஒரு காலைப் பலகையில் வைத்தாள். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது. போய்ச் சேர ஒரு பகல், ஓர் இரவு. போய்க் கதவைத் திறக்க வேண்டும். தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். உள்ளே பார்க்க வேண்டும்.

அந்த அம்மா போயிருப்பார். நிச்சயம் போயிருப்பார். போகவில்லை என்று சொல்லத்தானா போன் செய்திருப்பார்? 'பேத்தி பொறந்துட்டா, கிளம்பிட்டேன்' என்று சொல்வதற்காகவும் இருக்கலாமே? இங்கே இருக்கிறவரை அப்பா நன்றாக இருக்கிறார். போய்ப் பார்த்தால்தான்…

காலை எடுத்துக்கொண்டாள்.

"நான் அடுத்த தடவை வரேன்," என்றாள் படகோட்டியிடம்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். படகு விலகிப் போகும்போது தாடிக்காரன் கையைக் குவித்துக் கத்தினான். "ஐயாவைப் பாத்துக்குங்க!" அவன் கையசைத்தது அவளுக்கு இல்லை. அவளுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில். வெட்கம் ஒரு பக்கம் தின்ன, இன்னொரு பக்கம் அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா'வை அவள் பின்னால் மன்னிக்கவே இல்லை.

படகோட்டி மட்டும் அன்றே திரும்பி வந்துவிட்டார். அவர் வந்து படகை மணலில் ஏற்றியதும்தான் காற்று எழுந்தது.

எழுந்தது என்றால், அடங்கவே அடங்காத காற்று. கடல் பழுப்பாகிப் புரண்டது. மட்டைகள் பிய்ந்து விழுந்தன. மழை பக்கவாட்டில் அடித்து ஓலைச்சுவரை நனைத்து, அறைக்குள் மக்கிய பாயின் நாற்றத்தைக் கிளப்பிவிட்டது. படகு இப்போதைக்கு இல்லை என்றார்கள். முதல் நாள் அந்தச் செய்தி அவளுக்கு வசதியாகக் கூட இருந்தது. போக முடியாது, தன் தப்பில்லை.

மழை விட்ட ஒரு நண்பகலில், அக்கா அவளைச் சாப்பாட்டுக் கொட்டகை வாசலிலேயே மறித்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. வெளில வரும்போது கதவைத் தாழ் போடாதீங்கம்மா."

"நாய் வரும்னு நீங்கதானே…"

"நாய் வந்தா வரட்டும். நீங்க அந்தப் பக்கம் போனதும் தட்ட ஆரம்பிச்சுடறாரு. கை நோகத் தட்டறாரு. கேக்கற எங்களுக்குத்தான் தாங்கலை." அக்கா குடில் பக்கம் கையைக் காட்டினார். "சாப்பாடு ஜன்னல்ல வெச்சா தொட மாட்டேங்கறாரு. தண்ணியாவது குடுத்துட்டு வாங்க. உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு."

"அக்கா, என்கூட யாரும் வரலை," என்றாள் அவள். "நம்புங்க. எங்கப்பா வீட்ல இருக்காரு. என் வீட்ல."

அக்கா அவளை வெகு நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"எங்க வேணா இருக்கட்டும்மா," என்றார். "கதவைத் தொறந்து விடுங்க."

அதன்பிறகு அவள் தாழ்ப்பாளைத் தொடவில்லை. கதவைப் பகலெல்லாம் திறந்தே வைத்தாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். சாப்பாட்டில் பாதியைப் பிசைந்து, அவருக்குப் பிடிக்கிற மாதிரி குழைத்து, தட்டில் வைத்தாள். தண்ணீர் குறையவில்லை. சோறு காய்ந்தது. துறைப் பக்கம் போனால் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி அவள் காதில் விழும்படியே சொன்னாள். "வயித்துல பொறந்தது எப்படியெல்லாம் இருக்கு பாரு."

படகோட்டியிடம் போய்க் கெஞ்சினாள். "எப்படியாவது கொண்டுபோய் விட்ருங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

அவர் கடலைக் காட்டினார். "அன்னிக்குக் கூப்பிட்டோம்ல?"

மழை மறுபடி வலுத்த ஒரு பகலில், அறைக்குள்ளே இருந்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். முதுகைக் கதவுக்குக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, காதைத் தீட்டி வைத்தாள். கூரையில் மழை. ஓலை நுனியில் சொட்டு. சுவருக்குள் ஏதோ பூச்சி மரத்தை அரிக்கிற நொறுநொறுப்பு. கடல். இவற்றுக்கு நடுவே ஒரு மூச்சாவது, ஓர் இருமலாவது, காலை இழுத்து வைக்கிற சரசரப்பாவது கேட்காதா என்று இருந்தாள். முதலில் பயந்துகொண்டு. பிறகு ஏங்கிக்கொண்டு.

ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை.

"அப்பா," என்றாள். "இருக்கீங்களா?"

மழை.

"எனக்கு ஒரு வாரம் வேணும்னு தோணிச்சுப்பா. ஒரே ஒரு வாரம். வேற ஒண்ணும் இல்லை."

மழை.

ஜன்னலில் நிழல் விழுந்தது. அக்கா. தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றார். அவர் கண் அவள்மேல் இல்லை. அவளுக்கு மேலே. கதவின் உயரத்தில்.

"ஏன் ஐயா அழறீங்க?" என்றார் அக்கா, குழந்தையிடம் பேசுகிற குரலில். "இதோ உங்க காலடியிலதானே உக்காந்திருக்கு பொண்ணு? தட்டாதீங்க. கையைப் பாருங்க, ரத்தம். போதும்யா."

அவள் முதுகு கதவில் ஒட்டியிருந்தது.

அசையவில்லை.

கதவும் அசையவில்லை. ஒரு சிறு அதிர்வு கூட இல்லை.

தலைக்கு மேலே பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணை மூடினாலும் அக்காவின் குரல் கேட்டது. "போதும்… போதும்யா…" அது கெஞ்சலாகி, அழுகையாகி, மழையோடு மழையாகத் தேய்ந்தது.

பிறகு ஒருநாள் காற்று நின்றது.

விடிந்தபோது எல்லாமே கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. கடல் கண்ணாடியாகக் கிடந்தது. அவள் கொட்டகைக்குப் போனாள். அவள் இடத்தில் ஒரே ஒரு இலை போட்டிருந்தது. ஒரே தம்ளர். அக்கா பரிமாறிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐயா எழுந்தாரா, சாப்பிட்டாரா, எதுவும் இல்லை. இத்தனை நாள் எந்தக் கேள்விக்கு நடுங்கினாளோ, அந்தக் கேள்வி இல்லாத காலை அது. இலையை மடித்தாள். எழுந்து அடுப்படி வாசலில் போய் நின்றாள்.

"அக்கா. அப்பா… எப்படி இருக்காரு?"

அக்கா நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அழுத கண்.

"என்னையா கேக்கறே?" என்றார். முதல்முறையாக 'நீ' என்றார். "என்னையா கேக்கறே நீ?"

அவள் குடிலுக்குத் திரும்பினாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கட்டில். பை. வெயில் பொட்டுகள். தட்டில் காய்ந்த சோறு. அறை எப்போதும் போலத்தான் இருந்தது. அடுத்த குடிலைச் சேர்ந்தவர்கள் மட்டும் தங்கள் பாய்களையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வரிசையின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். உப்பு. ஈர ஓலை. வேறு எதுவும் இல்லை.

படகு தயாராயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வழியனுப்ப அக்கா வரவில்லை.

படகில் நெருக்கமாக ஆட்கள் இருந்தார்கள். காற்றில் மாட்டிக்கொண்டு பல நாளாகக் காத்திருந்தவர்கள். அவள் ஏறியதும் படகு ஒரு பக்கம் தாழ்ந்தது. ஒரு கணம் கழித்து மறுபடி, மெதுவாக, இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து முன்னால் போனார். பிறகு இன்னொருவர். துணி விற்கிற பெண்கள் மூட்டையோடு எழுந்தார்கள். அத்தனை பேரும் படகின் ஒரு முனையில் நெருக்கியடித்து நிற்க, நடுவே அவளும் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு வெறும் பலகையும் மட்டும் மிஞ்சின.

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் குனிந்தாள். குமட்டும் சத்தம்.

அவள் நேரே பார்த்துக்கொண்டே வந்தாள். கரை வரும்வரை பக்கத்தில் திரும்பவில்லை. ஆனால் வெயில் அவள் வலப்பக்கம் படவில்லை. அங்கே ஏதோ ஒன்று வெயிலை மறைத்தது. தோளிலிருந்து முழங்கைவரை ஜில்லென்று இருந்தது.

படகு துறையில் முட்டியது. எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு, பலகையில் துணி படாமல் ஒடுங்கி இறங்கினார்கள். இறங்கியும் போகவில்லை. துறையில் நின்று பார்த்தார்கள். படகோட்டி கயிற்றைக் கட்டினார். தலைத்துண்டை அவிழ்த்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"நீங்களே இறக்கிடுங்கம்மா," என்றார் துணிக்குள்ளிருந்து. "நான் தொட மாட்டேன்."

"யாரை?" என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

திரும்பினாள். வெறும் பலகை. உப்புத் துளிகள் காய்ந்துகொண்டிருந்தன.

எல்லோரும் பார்த்தார்கள். எத்தனை நேரம் அப்படியே நிற்பது? அவள் குனிந்தாள். குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு கையைக் காற்றில் கொடுத்தாள். இன்னொரு கையை அதற்குக் கொஞ்சம் தள்ளி. பைத்தியக்காரி மாதிரி. வெறும் காற்று. ஒன்றும் இல்லை. தெரியுமே, ஒன்றும் இல்லை. நிமிரப் போனாள்.

இடது கையில் கனம் இறங்கியது.

தலையின் கனம். மெத்தென்று, துவண்டு, முழங்கை மடிப்பில் வந்து சாய்ந்தது. பிறகு வலது கையில். முழங்கால்கள். எலும்பு. வெறும் எலும்பு. இவ்வளவு இளைத்துப் போயிருந்தாரா?

தூக்கினாள்.

துறையில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். காலியான இரண்டு கைகளை மார்போடு அணைத்தபடி, கனம் தாங்காமல் தள்ளாடி, அவள் படகிலிருந்து காலை எடுத்து வைத்தாள். அப்போது அவள் பிடரியைச் சுற்றி ஜில்லென்று ஐந்து விரல்கள் ஊர்ந்து வந்து, ஒவ்வொன்றாக, இறுக்கிப் பிடித்துக்கொண்டன.